பிரிட்டனி உள்நாட்டில் கார் அதிகம் வராத சாலைகள்: சைக்கிள் வழி சொல்லுங்கள்

செல்வா_பாரீஸ்

எல்லோருக்கும் வணக்கம். பாரீஸ் புறநகரில் இருக்கிறேன். வார நாளில் லோன்ஷாம் குதிரைப் பந்தய மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வருவது, ஞாயிற்றுக்கிழமை ஷெவ்ரூஸ் பள்ளத்தாக்கு, இதுதான் நம் பிழைப்பு. இரண்டு இடத்திலும் கூட்டம் தாங்கவில்லை.

செப்டம்பரில் நாலு நாள் லீவு கிடைத்திருக்கிறது. நண்பர் ஒருவரும் வருகிறார். இருவரிடமும் ரோட் பைக், 28 மி.மீ. டயர். ஒரு நாளைக்கு 80 முதல் 100 கி.மீ. வரை ஓட்டுவோம். பிரான்ஸின் மேற்குக் கோடியில் இருக்கிற பிரிட்டனிக்குப் போகலாம் என்று யோசனை. கேட்பது ஒன்றுதான்: பின்னால் கார் வருகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்க்காமல் ஓட்டக்கூடிய சாலைகள் எங்கே இருக்கின்றன? பலகை வைத்த சைக்கிள் வழிகளே போதுமா, இல்லை நாமே வரைபடம் பார்த்து வழி போட வேண்டுமா? ரயிலில் சைக்கிளை எப்படிக் கொண்டுபோவது என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வடமராட்சியான்

தம்பி, நான் போந்திவியில் குடியிருக்கிறேன். யோசிக்கவே வேண்டாம், நாந்த்–பிரெஸ்ட் கால்வாய்க் கரையைப் பிடியுங்கள். 360 கி.மீ. அளவு நீளம். ஒரு கார் வராது. முன்பு குதிரையும் ஆளும் கயிறு கட்டிப் படகு இழுத்த கரைதான் இப்போது சைக்கிள் பாதை. ரெதோன், மலெத்ருவா, ஜோஸ்லான், போந்திவி என்று ஊர்கள் மாலை கட்டினது மாதிரி வரும். ஜோஸ்லானில் ரோஆன் குடும்பத்துக் கோட்டை தண்ணீருக்கு மேலேயே நிற்கிறது. வழி தவற ஒன்றுமில்லை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு போனால் காணும்.

ஆங்கிலேயக் கப்பல் படை பிரெஸ்ட் துறைமுகத்தை அடைத்துக்கொண்டு நின்ற காலத்தில், கடலைத் தொடாமல் உள்நாட்டு வழியாகச் சாமான் கொண்டுபோக நெப்போலியன் போட்ட திட்டம் அது. முழுக்கத் திறந்தது 1842 இல். அதற்குள் போரும் முடிந்துவிட்டது, நெப்போலியனும் போய்விட்டார். நமக்குத்தான் லாபம்.

சூரிச்_குமரன்

பிரிட்டனி என்றால் கடல்தானே? அவ்வளவு தூரம் போய்விட்டு வாய்க்கால் கரையில் ஓட்டுவதா! ரொஸ்கோஃபில் தொடங்கி, இளஞ்சிவப்புப் பாறைக் கரை வழியாகக் கிழக்கே வாருங்கள். நான் போனபோது அருமையாக இருந்தது.

ரென்_வாசி

குமரன் எந்த மாதம் போனார் என்று சொல்லவில்லை. ஜூலை, ஆகஸ்டில் டி 786 மாவட்டச் சாலையில் கேம்பர் வேன்களுக்கு நடுவே ஓட்டிப் பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார். செப்டம்பரில் கொஞ்சம் குறையும். ஆனாலும் பிரிட்டனியில் ஜனம் அதிகம் கரையோரம்தான். பிரெஸ்ட், கெம்பேர், லோரியான், வான், சேன்-பிரியக் எல்லாம் கடலை ஒட்டியோ கடலுக்குப் பக்கத்திலோ இருக்கிற ஊர்கள். நடுவில்தான் இடம் காலியாக இருக்கிறது. கரே, ரொஸ்த்ரெனன், குரான், கெமெனே, கலாக் என்று வரைபடத்தில் சின்ன எழுத்தில் இருக்கிற ஊர்களைச் சுற்றித்தான் செல்வா தேடுகிற சாலைகள்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், தெரிந்தால் வழி போடுவது சுலபம். முதலாவது, இங்கே ஊர் என்பது ஒரே இடத்தில் கூடி இருப்பதில்லை. தேவாலயத்தைச் சுற்றி ஒரு சின்னக் கடைத்தெரு, மற்றதெல்லாம் மூன்று வீடு, நாலு வீடு என்று பண்ணை பண்ணையாகச் சிதறிக் கிடக்கும். ஒவ்வொரு பண்ணைக்கும் பால் லாரி போயாக வேண்டும், எனவே ஒவ்வொன்றுக்கும் தார்ச்சாலை. ஒரு பண்ணையிலிருந்து அடுத்த பண்ணைக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு என்று வலை மாதிரி பின்னிக்கிடக்கின்றன. அதில் போகிறவர்கள் அந்தப் பண்ணைக்காரர்களும் தபால்காரரும்தான்.

இரண்டாவது, பிரிட்டனியில் சுங்கச்சாவடியே கிடையாது. 1960-களின் கடைசியில் போட்ட சாலைத் திட்டத்தில் இலவச நான்குவழிச் சாலைகள் வந்தன. தேசியச் சாலை என்பதால் ‘என்’ (N) எழுத்து: வடக்கே என் 12, தெற்கே என் 165, நடுவில் என் 164. காசு இல்லை என்பதால் லாரியும் வேலைக்குப் போகிறவர்களும் அதில் ஏறிவிடுகிறார்கள். பிரான்ஸில் வேறு பகுதிகளில் சுங்கத்துக்குப் பயந்து பழைய சாலையில் ஓடுகிற லாரிக் கூட்டம் இங்கே அவ்வளவாக இல்லை. என் 164-க்குப் பக்கத்திலேயே பழைய சாலை பல இடங்களில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. அகலமாக, நல்ல தாரோடு, காலியாக. நான்குவழிச் சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். செயலியைக் கார் முறையில் வைத்துவிட்டு அதில் ஏறினவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, சாலை எண். பிரான்ஸ் முழுக்க எல்லோரும் சொல்கிற பாடம்: மாவட்டச் சாலையைக் குறிக்கிற டி-க்குப் பிறகு ஓரிலக்கம், ஈரிலக்கம் என்றால் பெரிய சாலை, மூவிலக்கம் என்றால் சின்னது. இங்கே அதை அப்படியே நம்பக் கூடாது. டி 764, டி 767, டி 768, டி 769, டி 785, டி 787, டி 790 எல்லாம் முன்பு தேசிய நெடுஞ்சாலைகள். 1970-களில் மாவட்டங்களிடம் ஒப்படைத்தபோது 700 வரிசையில் எண் கொடுத்தார்கள். மூவிலக்கம்தான், ஆனால் லாரி பறக்கும். 700 வரிசையைக் குறுக்கே கடக்கலாம், கூடவே போகாதீர்கள். டி-யை விட்டுவிட்டு சி என்று ஆரம்பிக்கிற ஊராட்சிச் சாலைகளைத் தேடுங்கள். சாலையோரப் பலகையின் மேலே சின்னக் கட்டம் இருக்கும். மஞ்சள் கட்டம் என்றால் டி, வெள்ளைக் கட்டம் என்றால் சி. வெள்ளையைக் கண்டால் திரும்பிவிடுங்கள்.

அப்படித் திரும்பின சாலை எப்படி இருக்கும் என்றால், ஒரு டிராக்டர் அகலம். நடுவில் தாரைப் பிளந்துகொண்டு புல் ஒரு கோடாக வளர்ந்திருக்கும். இரண்டு பக்கமும் ஆளுயர மண்கரை, அதன் மேல் ஓக் மரம், கரையில் பெரணிச் செடி, மே, ஜூனில் ஊதாப் பூ. வெளியே காற்று அடிப்பது மரத்தின் உச்சியைப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் எல்லாச் சாலையும் இப்படி என்று நினைக்காதீர்கள். துண்டு வயல்களைச் சேர்க்கிற நில ஒருங்கிணைப்பு என்று சொல்லி 1960-களிலிருந்து ஏகப்பட்ட கரைகளை இடித்துத் தள்ளிவிட்டார்கள். அந்த இடங்களில் வெட்டவெளி மக்காச்சோளக் காடுதான், எதிர்க்காற்று நேராக நெஞ்சில் விழும்.

செல்வா_பாரீஸ்

ரென்_வாசி அண்ணா, 700 விஷயம் தெரியவே தெரியாது. நான் வரைந்து வைத்திருந்த வழியில் பாதி டி 769! அழித்துவிட்டேன்.

வடமராட்சியான் அண்ணா, கால்வாய்ப் பாதை 28 மி.மீ. டயருக்குத் தாங்குமா?

வடமராட்சியான்

தாங்கும். மண்ணும் பொடிக்கல்லும் போட்டு இறுக்கின பாதை. காய்ந்திருந்தால் 25-இலும் ஓடலாம். மழைக்குப் பிறகு ஒரு மஞ்சள் கூழ் சக்கரத்தில் ஒட்டும், செயினில் போய் அரைக்கும், அதுதான் கரைச்சல். மத்தியானம் தேநீர் குடிக்க நிற்கிற நேரத்தில் ஒருக்கால் கழுவிவிட்டால் சரி. மதகுக்காரர் வீடுகள் சிலவற்றில் இப்போது தேநீர்க்கடை நடத்துகிறார்கள்.

ரென்_வாசி சொல்லுகிற சாலைகளை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சாலைகளில் ஏற்ற இறக்கத்துக்கு முடிவே இல்லை. பள்ளத்தில் ஓடை, அடுத்து ஏற்றம், மேலே நாலு வீடு, திரும்ப இறக்கம். மலை என்று பெயர் சொல்ல ஒன்றும் இருக்காது, பின்னேரம் கணக்குப் பார்த்தால் 100 கி.மீ.-இல் 1,300, 1,400 மீட்டர் ஏறியிருப்பீர்கள்.

கோவை_ராண்டோ

அது நூற்றுக்கு நூறு உண்மை. நான் 2023 ஆகஸ்டில் பாரீஸ்–பிரெஸ்ட்–பாரீஸ் நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்தில் ஓட்டினேன். 1,200 கி.மீ., 90 மணி நேரம். நாலு வருடத்துக்கு ஒரு முறை நடக்கிறது, அடுத்தது 2027. நம் ஊர்க்காரர்கள் உட்பட இந்தியாவிலிருந்து நூற்றுக்கணக்கில் வந்திருந்தார்கள். ஊட்டி ஏறினவன் நான், இது என்ன சின்ன மேடு என்று நினைத்துக்கொண்டு போனேன். ஊட்டி ஏற்றத்தில் ஒரு தாளம் பிடித்து உட்கார்ந்துவிடலாம். இங்கே தாளமே கிடைக்காது. லுதேயாக் தாண்டி கரே வரைக்கும் கியரை மாற்றி மாற்றி விரல்தான் வலித்தது.

ஆனால் அந்த ஜனங்களை மறக்க முடியாது. நடு ராத்திரி, ஊர் பேர் தெரியாத ஒரு முக்கில் மேசை போட்டு, ஃபிளாஸ்கில் காப்பி, தட்டில் கிரெப் என்கிற மெல்லிய இனிப்புத் தோசை. ஒரு தாத்தாவும் பேரனும் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காசு கொடுத்தால் வாங்கவில்லை. கோயம்புத்தூர் எங்கே இருக்கிறது என்று பேரன் கேட்க, என் ஜெர்சியில் அச்சடித்திருந்த இந்திய வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினேன்.

செல்வாவுக்கு ஒரு வார்த்தை: அந்த ஓட்டத்தின் வழித்தடத்தை இணையத்தில் எடுத்து அப்படியே ஓட்டாதீர்கள். அன்றைக்கு ஊரே சைக்கிளுக்காக ஒதுங்கி நிற்கும். மற்ற நாட்களில் அதில் சில துண்டுகள் சுத்த லாரிச் சாலை.

அகிலா_நாந்த்

நான் பெரும்பாலும் தனியாக ஓட்டுகிறவள். கால்வாய், சின்னச் சாலை இரண்டிலும் ஓட்டியிருக்கிறேன். இரண்டையும் சேர்ப்பதற்கு ஒரு நடுவழி இருக்கிறது, யாரும் சொல்லவில்லை: பழைய ரயில் பாதைகள். கரே ஊரை மையமாக வைத்து மீட்டர் கேஜ் ரயில் வலை ஒன்று இருந்தது. 1967 இல் பெரும்பகுதியை மூடிவிட்டார்கள். மொர்லேயிலிருந்து கரே, கரேயிலிருந்து ரொஸ்போர்தேன் பக்கம், கிழக்கே கெர்லேதான் ஏரி வழியாக லுதேயாக் பக்கம், எல்லாம் இப்போது சைக்கிள் பாதை. நீராவி எஞ்சின் ஏறின சரிவு என்பதால் சீராக ஏறும். முதல் நாள் கால் சூடாக இதுதான் நல்லது. பழைய நிலையங்கள் அப்படியே நிற்கின்றன, சிலவற்றில் ஊர்ப் பெயர்கூட அழியாமல் இருக்கிறது.

கெர்லேதான் பற்றி வடமராட்சியான் அண்ணன் சொல்லாமல் விட்டுவிட்டார். கால்வாய் முழுசாக இல்லை. 1920-களில் அங்கே அணை கட்டினபோது 17 மதகுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. அதனால் ஏரிப் பக்கத்தில் கரைப் பாதை அறுந்துவிடும், ரயில் பாதைக்கு ஏற வேண்டும். 2015 இல் அணையைப் பரிசோதிக்க ஏரியை வடித்தார்கள். முழுகின மதகும் வீடும் சேற்றிலிருந்து எழுந்து நின்றதைப் பார்க்க ஜனம் திரண்டது. ஏரியின் மேற்குக் கோடியில் போன்-ரெப்போ மடாலயம், கல்பாலத்தோடு. அங்கே சாப்பிடலாம்.

வடமராட்சியான்

அகிலா, மறக்கவில்லை, என் வீட்டிலிருந்து பக்கம்தான். முழுப் படமும் முதலே காட்டினால் பெடியன் பயந்துவிடுவான் என்று விட்டேன்.

சூரிச்_குமரன்

மூர்-த-பிரெத்தாஞ் ஏற்றம் அந்த ஏரிக்குப் பக்கம்தானே? டூர் தெ பிரான்ஸ் முடிகிற இடம். அங்கே 2021 இல் வான் டர் பூல், 2025 இல் போகாச்சார் ஜெயித்தார்கள். அதை விட்டுவிட்டு வந்தால் எப்படி?

ரென்_வாசி

போகட்டும், இரண்டே கி.மீ. தானே. சராசரி 7 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு, ஆனால் முதல் பாதி நேர்கோட்டில் செங்குத்தாக நிற்கும். தார் மேலே பெயின்டில் பெயர்கள் எழுதியிருப்பார்கள். கார் வரும், அந்த ஒரு ஏற்றத்துக்குப் பொறுத்துக்கொள்ளலாம்.

பேச்சு பந்தயத்துக்குப் போனதால் ஒன்று. வடமேற்கே லன்னிலிஸ் பக்கம் த்ரோ ப்ரோ லெயோன் என்று ஒரு பந்தயம், 1984 முதல் நடக்கிறது. பண்ணைகளுக்கு நடுவே ஓடுகிற கல், மண் பாதைகளில் விடுவார்கள், உள்ளூரில் ரிபின் என்று பெயர். முதலில் வருகிற பிரெத்தோன், அதாவது பிரிட்டனிக்கார, வீரருக்கு ஒரு பன்றிக்குட்டி பரிசு. டூர் தெ பிரான்ஸ் ஜெயித்த பெர்னார் இனோவும் லூயிசோன் போபேயும் பிறந்தது பிரிட்டனியில்தான், சைக்கிள் என்றால் இங்கே கிறுக்கு. சின்னச் சாலையில் கார்க்காரர்கள் பொறுமையாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். அவர்கள் வீட்டிலும் ஒருவர் ஓட்டிக்கொண்டிருப்பார். ஊருக்கு வெளியே சைக்கிளைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டர் விட வேண்டும் என்பது சட்டம். கிராமத்தில் வயதானவர்கள்கூட எதிர்ப்புறத்துக்கே ஏறிப் போய்த் தாண்டுகிறார்கள்.

பயப்பட வேண்டியது வேறு. செப்டம்பர் நடுவிலிருந்து மக்காச்சோளம் வெட்டுவார்கள். மாட்டுத் தீவனத்துக்கு. வெட்டுகிற இயந்திரத்துக்கும் பண்ணைக்கும் நடுவே டிராக்டர்கள் நாள் முழுக்க, ராத்திரியிலும், டிரெய்லரோடு பறக்கும். ஒற்றையடிச் சாலையில் வளைவில் எதிரே வந்தால் ஒதுங்க இடம் இருக்காது. இஞ்சின் சத்தம் கேட்டதும் ஏதாவது வயல் வாசலில் ஒதுங்கி நின்றுவிடுங்கள். அவர்கள் போன பிறகு சாலையில் சேறு, அதன் மேல் தூறல் விழுந்தால் சோப்பு மாதிரி வழுக்கும். இறக்கத்தில் பிரேக்கை அழுத்திப் பிடிக்காதீர்கள்.

அப்புறம் பொடிஜல்லி. கோடையில் சின்னச் சாலைகளுக்குத் தார் தெளித்து ஜல்லி தூவிவிட்டுப் போய்விடுவார்கள், உருட்டுகிற வேலையைக் கார்கள் பார்த்துக்கொள்ளும். செப்டம்பரிலும் வளைவுகளின் வெளி ஓரத்தில் குவிந்து கிடக்கும்.

வாசனையைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். பிரான்ஸின் பன்றிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு பகுதியில்தான் வளர்கின்றன. ஜன்னல் இல்லாத நீளக் கொட்டகையைப் பார்த்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதியுங்கள்.

செல்வா_பாரீஸ்

தண்ணீர், சாப்பாடு எப்படி? கடையே இல்லாத இடம் போலத் தெரிகிறதே. நண்பர் சைவம் வேறு.

அகிலா_நாந்த்

கடை உண்டு, திறந்திருக்காது. 12 முதல் 2 வரை அடைப்பு. ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் அடைப்பு. திங்கட்கிழமை பல பேக்கரிகளும் சாப்பாட்டுக் கடைகளும் லீவு. காலையில் 11 மணிக்குள் ரொட்டியும் பழமும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் நிம்மதி. சில ஊரில் பேக்கரி மூடியே போய்விட்டது, அதற்குப் பதில் ரொட்டி விற்கிற இயந்திரம் நிற்கும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

சைவத்துக்கு இங்கே அவ்வளவு கஷ்டமில்லை. கறுப்புக் கோதுமை என்று இவர்கள் சொல்லுகிற மாவில் சுட்ட கலெத் என்கிற மெல்லிய தோசை, உள்ளே பாலாடைக்கட்டியும் காளானும் வைத்துத் தருவார்கள். முட்டை சாப்பிடுவார் என்றால் முட்டையும். பன்றி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கேட்காமலே வந்துவிடும். இனிப்புக்குக் குயின்-அமான் ஒரு துண்டு, வெண்ணெயும் சர்க்கரையும்தான் அதில் மாவைவிட அதிகம் இருக்கும்போல. அடுத்த 30 கி.மீ. பசிக்காது.

தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டம்.

செல்வா_பாரீஸ்

என்னது?!

கோவை_ராண்டோ

சிரிக்காதீர்கள், அங்கே எல்லா சைக்கிள்காரர்களும் அப்படித்தான். ஊருக்கு ஊர் கல்லறைத் தோட்ட வாசலுக்குப் பக்கத்தில் ஒரு குழாய் இருக்கும், பூச்செடிக்கு ஊற்றுவதற்கு. பெரும்பாலும் வீட்டுக்கு வருகிற அதே குழாய்த் தண்ணீர். குடிக்கத் தகாதது என்று பலகை இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். எங்கள் குழுவில் ஒருவர் ‘சுடுகாட்டுத் தண்ணியை வாயில் வைக்கமாட்டேன்’ என்று அடம் பிடித்தார். ரொஸ்த்ரெனன் பக்கம் வெயில் ஏறினதும் குழாய்க்கு அடியில் தலையைக் கொடுத்துவிட்டார்.

அகிலா_நாந்த்

மனசு ஒப்பவில்லை என்றால் எந்தக் கடையிலும் காப்பி ஒன்று குடித்துவிட்டு பாட்டிலை நீட்டினால் நிரப்பித் தருவார்கள். ‘போன்ஜூர்’ சொல்லிவிட்டு நுழைய வேண்டும், அதைச் சொல்லாவிட்டால்தான் முகம் மாறும்.

தனியாக ஓட்டுகிற பெண்கள் யாராவது இதைப் படித்தால்: ராத்திரி ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், காரணம் ஆட்கள் இல்லை, வெளிச்சமே இல்லை. இரவில் ஊருக்கு வெளியே ஒளிரும் அங்கி கட்டாயமும்கூட. பண்ணை நாய்கள் சில அவிழ்த்துவிட்டபடி இருக்கும். நான் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடப்பேன், சும்மா குரைத்துவிட்டுப் போய்விடும். செப்டம்பர் பிற்பாதியிலிருந்து பிப்ரவரி வரை வேட்டைக் காலம். ஞாயிற்றுக்கிழமை காட்டு ஓரம் ஆரஞ்சு அங்கிக்காரர்கள் நின்றால் குரல் கொடுத்துக்கொண்டே போங்கள்.

ரென்_வாசி

சரி, செல்வாவுக்கு உருப்படியாக ஒரு வழி சொல்கிறேன். கரேயில் தங்கிக்கொண்டு தினமும் ஒவ்வொரு பக்கம் போய்வருவது உத்தமம், சுமையில்லாமல் ஓட்டலாம். ஜூலை நடுவில் மட்டும் அங்கே போகவே கூடாது, வியேய் ஷாரூ இசை விழாவுக்கு லட்சக்கணக்கில் ஆள் வரும், அறை கிடைக்காது. உங்களுக்குச் செப்டம்பர் என்பதால் பிரச்சினை இல்லை.

ஒரு நாள் வடமேற்கே மோன் தாரே குன்றுகள். கரேயிலிருந்து உவெல்குவாத், நடுவில் டி 764-ஐத் தொடாமல் தெற்கே இருக்கிற சின்னச் சாலைகளில். உவெல்குவாத் காட்டில் வீடளவு கருங்கற்கள் ஒன்றன் மேல் ஒன்றாகக் கொட்டிக் கிடக்கின்றன. அங்கிருந்து பிரெனிலிஸ். 1985 இல் மூடின அணு உலை இன்னும் அந்த ஏரிக்கரையில் நிற்கிறது, முழுசாகப் பிரித்து முடிக்கவில்லை. ஏரியைச் சுற்றிக்கொண்டு போத்மெர், சேன்-ரிவோவால், பிரஸ்பார். இந்தப் பகுதியில் மரமே இல்லை, முள்ளும் புல்லும் கல்லும்தான். 2022 ஜூலைத் தீயில் 1,700 ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. சேன்-மிஷேல் குன்றின் உச்சியில் இருக்கிற சின்னத் தேவாலயம் தப்பித்துக்கொண்டது. குன்று 381 மீட்டர்தான், ஆனால் சுற்றிலும் தடுக்க ஒன்றும் இல்லாததால் காற்றில் நிற்க முடியாது. டி 785 அதற்குக் கீழேயே போகிறது. அழகான சாலை, அதனாலேயே எல்லோரும் வேகமாக ஓட்டுவார்கள், குறுக்கே கடந்து மறுபக்கம் இறங்கிவிடுங்கள். திரும்பும்போது கொலொரெக், ப்ளூயே வழியாகக் கரே. மொத்தம் 90 கி.மீ. வாக்கில் வரும்.

இன்னொரு நாள் தெற்கே. குரான், லாங்கோனே, லெ ஃபவே, ப்ரிசியாக், ப்ளூரே, திரும்பக் கரே. என் மனசுக்கு மிகவும் பிடித்தது இதுதான், வழிகாட்டிப் புத்தகங்கள் இந்தப் பக்கம் அதிகம் திரும்புவதில்லை. குரானிலிருந்து ஒரு காலத்தில் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்கு ஏராளம் பேர் போனார்கள், அதனால் ஊர் நடுவில் குட்டிச் சுதந்திர தேவி சிலை. லெ ஃபவேயில் 16-ஆம் நூற்றாண்டு மரச் சந்தைக் கூடம், மழை வந்தால் அதற்குள் ஒதுங்கலாம். பக்கத்தில் சேன்-ஃபியாக்ர் சிற்றாலயத்தில் 1480-இல் செதுக்கின மரத்திரை, வண்ணத்தோடு. ப்ளூரேயில் திபெத்திய பௌத்த மடம் ஒன்றுகூட இருக்கிறது, பசு மேய்கிற வயலுக்கு நடுவே. லாங்கோனேயிலிருந்து ப்ளூரேக்கு வெள்ளைக் கட்டச் சாலைகளாகப் பார்த்துப் பிடித்தால் ஒரு மணி நேரத்தில் இரண்டு கார் வந்தால் அதிகம்.

மூன்றாம் நாள் கிழக்கே கால்வாய். கிளோமெல் ஊருக்குப் பக்கத்தில் நீர்ப்பிரிவை வெட்டின பெரிய அகழி இருக்கிறது. 1823 முதல் 1832 வரை கைதிகளை வைத்து வெட்டினார்கள். இப்போது இரண்டு பக்கமும் மரம் கவிந்து இருட்டாக இருக்கும். அங்கிருந்து கூவாரெக், போன்-ரெப்போ, ரயில் பாதையில் திரும்பலாம். வடமராட்சியானும் சந்தோஷப்படுவார்.

காற்றைப் பார்த்து நாளை மாற்றிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மேற்கு, தென்மேற்கிலிருந்து வரும். மேற்கே போகிற வழியைக் காலையில், உடம்பில் தெம்பு இருக்கும்போது முடித்துவிட வேண்டும். மழையும் அப்படியே, ரென்னில் வருடத்துக்கு 700 மி.மீ.-க்குள் பெய்தால் மோன் தாரேயில் அதைப்போல் இரண்டு மடங்கு. பெரிய மழை குறைவு, முகத்தில் பன்னீர் தெளிக்கிற மாதிரி ஒரு தூறல், நாள் முழுக்க.

சூரிச்_குமரன்

நாலாம் நாள் கடல்?

ரென்_வாசி

நாலாம் நாள் மொர்லே வரை பழைய ரயில் பாதையில் இறங்கினால், அதற்கு மேல் ரொஸ்கோஃப் போகிறதோ ரயில் ஏறுகிறதோ அவர்கள் இஷ்டம். கடலை நான் தடை செய்யவில்லை!

செல்வா_பாரீஸ்

இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன், அண்ணா. நண்பருக்கும் அனுப்பிவிட்டேன். ரயில் மட்டும் பாக்கி.

அகிலா_நாந்த்

பாரீஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து டிஜிவி என்கிற அதிவேக ரயில், கங்கான் வரை. சைக்கிளைச் சக்கரம் கழற்றிப் பையில் கட்டினால் பெட்டி கணக்கில் ஏற்றலாம். கழற்றாமல் ஏற்ற வேண்டுமானால் சைக்கிள் இடம் உள்ள ரயிலாகப் பார்த்து முன்கூட்டி சீட்டு எடுக்க வேண்டும், சீக்கிரம் தீர்ந்துவிடும். கங்கானில் இறங்கினால் கலாக் வழியாகக் கரேக்கு ஒற்றைத் தண்டவாளத்தில் சின்ன ரயில். மூடாமல் மிஞ்சின பழைய பாதை அது ஒன்றுதான் கரேக்கு. சைக்கிளை அப்படியே ஏற்றலாம், இடம் இருக்கும் வரை. நாளைக்கு ஒருசில ரயில்கள்தான், நேரத்தைப் பார்த்துவிட்டு டிஜிவி சீட்டு எடுங்கள். தவறினால் டி 787-இல் லாரியோடு போட்டி போட்டுக்கொண்டு வர வேண்டியதுதான்.

கோவை_ராண்டோ

700 வரிசை! 🙂

செல்வா_பாரீஸ்

ஹாஹா, புரிந்தது. வியாழன் காலை கிளம்பி ஞாயிறு மாலை திரும்புகிற மாதிரி போடுகிறேன், திங்கட்கிழமைப் பட்டினியும் இல்லை. என்னிடம் சைக்கிள் பை ஒன்றுதான் இருக்கிறது. பாரீஸ் பக்கம் யாரிடமாவது இன்னொன்று இருந்தால் அந்த வாரத்துக்கு இரவல் தரமுடியுமா?

வடமராட்சியான்

லா கூர்நெவில் என் மச்சானிடம் ஒன்று சும்மா கிடக்கிறது. தனிமடலில் வாரும், இலக்கம் தருகிறேன். கிளோமெல் பக்கம் வருகிற அன்று சொல்லும், நானும் போந்திவியிலிருந்து வெளிக்கிட்டு போன்-ரெப்போவுக்கு வருகிறேன், மத்தியானச் சாப்பாடு என் கணக்கு.